தட்டில் ஒதுக்கிவைத்த கீரை: ஒரு சத்துணவு மையத்தைச் சுற்றிய நிகழ்வு ஆய்வு

மாதத்தின் முதல், மூன்றாம் வெள்ளிக்கிழமைகளில், சாப்பாட்டு மணி அடித்து அரை மணி நேரம் கழித்து எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் குழாயடிக்குப் போனால், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு கணக்கு அங்கே கிடைக்கும். அன்று கீரை சாதமும் மசாலா முட்டையும் மிளகாய்ப்பொடி தூவி வறுத்த உருளைக்கிழங்கும் பரிமாறப்படும். தட்டுக் கழுவ வரும் பிள்ளைகள் வாழைமரத்தடியில் தட்டிவிட்டுப் போவதில் பெரும்பகுதி கீரைதான். அதனோடு கொஞ்சம் சோறும் கறிவேப்பிலையும் கிடக்கும். முட்டையின் துணுக்கு ஒன்றுகூட அங்கே நான் பார்த்ததில்லை. பதிவேட்டிலோ அன்றைக்கு உண்டவர்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றின் இருப்பும் சரியாக இருக்கும். சமைத்தது பிள்ளையின் வயிற்றுக்குள் போனதா என்று எழுதுவதற்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது.

2024-25 கல்வியாண்டில், பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் என்ற முறையில், இந்தக் குழாயடிக் கணக்கைப் பின்தொடர்ந்து பள்ளியின் சமையலறை, பிள்ளைகளின் வீடுகள், பள்ளி வாசலில் உள்ள கடை ஆகிய மூன்று இடங்களிலும் என்ன நடக்கிறது என்று கவனித்தோம். சிலவற்றை மாற்றியும் பார்த்தோம். பள்ளி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகளையும் பணியாளர்களையும் கருதி ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே பள்ளியில் 1983இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, அலுமினியத் தட்டை ஏந்தி வரிசையில் நின்று சாப்பிட்டவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த உணவின் மீது எனக்கு நன்றி உண்டு. அந்த நன்றியினால்தான் அதன் குறையை எழுதுகிறேன்.

முட்டை எப்படித் தட்டுக்கு வந்தது

பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்தது. 1920 செப்டம்பரில், பி. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அச்செலவை ஏற்க ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றுபோனது. 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாயிற்று; ஊர் மக்களும் நெல்லும் காசும் கொடுத்து அதைத் தாங்கினார்கள். 1982 ஜூலை 1 அன்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊரகத்துச் சிறு பிள்ளைகளுக்கு என்றிருந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பத்தாம் வகுப்பு வரைக்கும் விரிந்தது.

நான் சாப்பிட்ட நாட்களில் முட்டை கிடையாது. சாம்பார் சாதம் உண்டு, வயிறு நிறையும், அவ்வளவுதான். 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998இல் அது வாரம் ஒன்றானது. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என வாரத்துக்கு ஐந்து. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கப்பட்டது. இருபத்தோர் ஆண்டுகள் எடுத்த இந்த மெதுவான ஏற்றத்தில் ஆட்சிகள் மாறின. ஆனால் ஏறிய எண்ணிக்கையை எந்த ஆட்சியும் குறைக்கவில்லை. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஒன்றியத்தில் பதின்மூன்று வகைக் கலவை சாதங்கள் அறிமுகமாகிப் பின்னர் எங்கும் பரவின. அப்போதுதான் வெறும் வேகவைத்த முட்டை, மிளகு முட்டையாகவும் தக்காளி மசாலா முட்டையாகவும் உருமாறியது. கொண்டைக்கடலை புலாவும், மீல்மேக்கர் கலந்த காய்கறி சாதமும், நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் கீரை சாதமும் அந்தப் பட்டியலோடு வந்தவையே.

இந்த வரலாற்றை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முட்டை நல்லது என்று சுவரில் எழுதிவைத்ததால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முட்டை தின்னத் தொடங்கவில்லை. நாள் தவறாமல், வேகவைத்து, மசாலா தடவி, பக்கத்துப் பிள்ளைக்கு வைத்த அதே அளவில் அது தட்டில் வந்து விழுந்தது, தின்றார்கள், பழகினார்கள். கீரை இப்படி நாள்தோறும் வரவில்லை, மாதத்தில் ஓரிரு முறைதான் வந்தது. வந்தபோதும் அதைச் சமைத்த முறை சரியில்லை. குழாயடிக் குவியலுக்கு எங்களுக்குக் கிடைத்த முதல் விளக்கம் இதுதான்.

சமையலறையில் கண்டது

சத்துணவு மையத்தில் அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் அரசுக் கிடங்கிலிருந்து வந்துவிடும். காய்கறி, கீரை, தாளிப்புச் சாமான், விறகு அல்லது எரிவாயு ஆகியவற்றை உள்ளூரிலேயே, கொடுக்கப்படும் சொற்பத் தொகைக்குள் வாங்க வேண்டும். ஆகவே தட்டில் விலை மாறாத பகுதி என்றால் அரிசியும் முட்டையும். தக்காளி விலை ஏறும் மாதத்தில் முதலில் இளைப்பது காய்கறிதான். பள்ளி உணவின் தரம் குறைகிறது என்று பேசுகிறவர்கள் சமையலரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

கீரையைப் பற்றிச் சமையலர் அக்காவிடமே கேட்டோம். “கட்டுக் கட்டா வருது தம்பி. ஆய உட்கார்ந்தா சோறு வடிக்க ஆள் இல்ல. தண்டோட நறுக்கிப் போட்டுடறேன்” என்றார். அவர் சொன்னதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எழுபது, எண்பது பேருக்கான கீரையை இரண்டு பெண்கள் ஆய்ந்து, மூன்று தண்ணீரில் மண் போக அலசி, பொடியாக நறுக்கி, அதற்குள் அரிசியும் முட்டையும் வேகவைத்து முடிப்பது நடக்கக்கூடிய காரியமல்ல. விளைவு, சோற்றில் நார் நாராகத் தண்டு. ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் அது கயிறாகச் சிக்கும். ஒருமுறை சிக்கினால் அடுத்த முறை பச்சை நிறத்தைப் பார்த்ததுமே விரல் ஒதுக்கிவிடும். “நம் பிள்ளைகளுக்குக் கீரை பிடிக்காது” என்று ஊரில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல்லுக்கு அடியில் இருந்தது, காலை எட்டு மணிக்கு நான்கு கைகள் குறைவாக இருந்தது என்ற ஒரே செய்திதான்.

ஆகவே பெற்றோர் குழுவில் இருந்த தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, கீரை நாளில் மூன்று பேர் காலை எட்டு மணிக்கு வந்து ஆய்ந்து கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. தண்டு நீங்கியது. அடுத்து, கீரையைத் தனியே வேகவைத்துச் சோற்றில் கொட்டிக் கிளறுவதை விட்டு, பாசிப்பருப்பு, பூண்டு, சீரகத்தோடு குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, அதில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் கைக்குழந்தைக்கு ஊட்டும் பருப்புக் கீரைச் சோற்றின் பக்குவம்தான் அது. புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. வீட்டுக் கொல்லையிலிருந்து வந்த முருங்கைக் கீரையும், அமைப்பாளரின் ஒப்புதலோடு, எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே அடுப்புக்குப் போனது. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. அந்த ஒரு கவளத்தை ஆசிரியரோடு இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்து, உப்பும் காரமும் எப்படி இருக்கின்றன என்று கேட்கத் தொடங்கினோம். அவர்கள் சொன்னபடி காரம் குறைந்தது.

பரிமாறும் வரிசையும் ஒரு காரணம் என்பது பிற்பாடுதான் புலப்பட்டது. சிறு பிள்ளைகள் முட்டையைத் தட்டின் ஓரத்தில் காவல் வைத்துக்கொண்டு, சோற்றை அவசரமாகக் கொஞ்சம் தின்று, முட்டையை ருசித்து முடித்ததும் எழுந்துவிடுவார்கள். முட்டையைச் சற்றுத் தாமதித்து, சோறு பாதி இறங்கிய பின் வைத்தபோது, மிச்சம் வெகுவாகக் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் வாழைமரத்தடியில் கறிவேப்பிலையும் கொஞ்சம் சோறும் கிடந்தன; பச்சைக் குவியல் இல்லை. அளந்து எழுதிய ஆராய்ச்சி இல்லை இது, ஒரு பள்ளியில் கண்ணால் கண்டது என்ற அளவிலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு அடுப்பு

வீட்டைப் பொறுத்தவரை எங்கள் முதல் முயற்சி தோற்றது. சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் ஒருவரை அழைத்து, படங்கள் மாட்டி, சரிவிகித உணவு பற்றிப் பேசச் செய்தோம். அவர் நன்றாகவே பேசினார். வந்திருந்த பெண்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். பேச்சில் சொல்லப்பட்ட எதையும் அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அரிசி குடும்ப அட்டைக்கு விலையின்றிக் கிடைக்கிறது, 2011 முதல். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் நியாயவிலைக் கடையில் கிடைக்கின்றன. காய்கறியையும் பழத்தையும் முழு விலை கொடுத்துச் சந்தையில்தான் வாங்க வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது நாளுக்கு இரண்டு கிலோ காய்கறி. நடவு நாளில் மட்டும் கூலி பார்க்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கை எவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னாலும் கணக்கு மாறாது.

பசியை வென்ற அரிசிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வயிறு நிறைவதும் உடல் தேறுவதும் ஒன்றல்ல என்பதை ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) காட்டுகிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். இரண்டும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே உடலில் இருக்கின்றன. சோறு மிகுந்து மற்றவை மெலிந்த தட்டு இப்படித்தான் செய்யும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடை அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதை இந்த வகையில் சரியான இடத்தில் வைத்த கை என்று கருதுகிறேன். அறிவுரை கடையின் எடைத்தட்டில் வந்து அமர்ந்தால்தான் உலையில் ஏறும்.

இரண்டாம் முயற்சியில் பேச்சை விட்டோம். கீரை நாளன்று தாய்மார்களைப் பள்ளிக்கு வரச்சொல்லி, வீட்டிலிருந்து அவர்கள் கொண்டுவந்த அரிசியில் கூடுதலாகச் சமைத்து, பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வைத்தோம். ஒரு தாய், தன் மகன் கடைந்த கீரைச் சோற்றை இரண்டாம் முறை வாங்கித் தின்றதைப் பார்த்துவிட்டு, “வீட்ல வச்சா தூக்கிப் போட்டு மிதிக்காத குறைதான், இங்க இப்படித் தின்னுதே” என்று வியந்தார். எப்படிச் செய்தது என்று அவர் சமையலர் அக்காவிடம் கேட்டதும், அக்கா மத்தை எடுத்துக் காட்டியதும், அதைச் சுற்றி நான்கைந்து பெண்கள் கூடியதும் கால் மணி நேரத்துக்குள் நடந்தன. செவிலியரின் பேச்சுக்குக் கிடைக்காத கேள்விகள் அந்தக் கால் மணியில் கேட்கப்பட்டன.

காலை உணவுத் திட்டம் இதில் தானாகவே ஒரு பாலமாக அமைந்ததையும் குறிப்பிட வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்து, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த இத்திட்டத்தில், உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரோடு கொடுக்கப்படுகின்றன. இதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மாராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். பள்ளியில் காலையில் சாம்பாரில் காயை நறுக்கிப் போட்ட கைதான் இரவு வீட்டிலும் நறுக்குகிறது. எங்கள் பள்ளியில் அப்படிச் சமைத்த மூவரும்தான் மத்தையும் பக்குவத்தையும் தெருவுக்குள் கொண்டுபோனவர்கள். இப்படி ஒரு தொடர்பு உண்டாகும் என்று யாராவது திட்டமிட்டார்களா என்பதைவிட, அது நிகழ்கிறது என்பதைக் கண்டு வலுப்படுத்துவதே நமக்கு வேண்டியது.

வாசலில் உள்ள கடை

பள்ளி வாசலிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு பெட்டிக்கடை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்திருக்கிறது. விதியைக் காட்டிக் கடையை மூடவைக்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். கடைக்காரரோ கணவரை இழந்து, அந்தக் கடையை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்த பெண்மணி. பிள்ளைகள் அவரை அத்தை என்றே அழைப்பார்கள். போய்ப் பேசினோம்.

அவர் சொன்ன பொருளாதாரம் எளிமையானது. பொட்டலம் வண்டியில் வாசலுக்கு வருகிறது, கடனுக்குக் கிடைக்கிறது, கிழிந்ததையும் நாள் கடந்ததையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், மாதக் கணக்கில் தொங்கினாலும் கெடாது. கொய்யாவோ இரண்டாம் நாள் கனிந்து, மூன்றாம் நாள் அழுகி, நட்டம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. “நல்லதுன்னு தெரியாமயா இருக்கேன்? அழுகுனத யாரு வாங்கிக்குவா?” என்ற அவர் கேள்விக்கு எங்களிடம் அன்று பதில் இல்லை.

பதில் இரண்டு வாரம் கழித்துச் சுயஉதவிக் குழுப் பெண்களிடமிருந்து வந்தது. வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் அவர்கள் செய்து கொடுப்பார்கள். வண்டிக்காரர் தரும் அதே ஏற்பாட்டில், கடனுக்கு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொண்டு. இரண்டு ரூபாய்க்கு ஓர் உருண்டை. பொட்டலச் சரங்கள் கண் மட்டத்திலிருந்து உள்பக்கத்துக்குப் போயின. முற்றிலும் போகவில்லை, போய்விட்டதாக எழுதினால் பொய்யாகும். கொய்யா முயற்சி பருவ நாட்களில் சில வாரம் ஓடி நின்றது. அவித்த சுண்டல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, மதிய வெயிலில் ஊசிப்போனது. உருண்டை மட்டும் நிலைத்தது. வெல்லமும் சர்க்கரைதானே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ஆனால் கடலையும் எள்ளும் புரதத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் வருகின்றன, ஒரு பிள்ளை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது.

நிறைவேறாதவை

பந்தியில் சில குடும்பங்கள் வந்து அமரவில்லை. சமையலர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதே காரணம். வாய்விட்டுச் சொல்லவில்லை, விரதம் என்றும் வேலை என்றும் சொன்னார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் இதே காரணத்துக்காக ஒரு சமையலருக்கு எதிர்ப்பு எழுந்து, அவர் இடமாற்றம் செய்யப்பட்டுப் பின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதை நாடே அறியும். உணவின் நலத்தைப் பேசும் எந்த ஆய்வும், யார் கையால் ஆன உணவு என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டுப் பேச முடியாது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அனைவரும் அந்த உணவைத்தான் உண்கிறார்கள். பெரியவர்களில் இரண்டு குடும்பங்கள் கல்வியாண்டு முடியும்வரை வரவில்லை.

இன்னொன்று மனத்தை அதிகம் உறுத்துகிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். தொடக்கப் பள்ளியில் இது வெளியே தெரியாது. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் ஒரே கூரையின் கீழ் தெரியும். ஏப்ரலில் பொங்கலும் சாம்பாரும் தின்ற பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஏறியதும், தம்பி சாப்பிடுவதைத் தாழ்வாரத்தில் நின்று பார்க்கிறது. தம்பிகள் மறைத்து ஒரு வாய் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். பூப்பெய்தும் வயது, இரத்தம் அதிகம் வேண்டிய வயது, அந்த வகுப்புகளில்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பினோம்.

மே மாதம் பள்ளி பூட்டியிருந்தபோது, சமையலர் அக்காவின் வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தேன். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், காம்பைக் கிள்ளி ஒருபக்கம், இலையை முறத்தில் ஒருபக்கம். முட்டை இல்லாத மாதம் என்று அக்கா சொன்னார். கொல்லையில் இரண்டு கோழி வளர்க்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார்.